பால் பொங்கினால் முதலில் துணியைத் தேடாதீர்கள்



1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவில் ஓர் எண்ணெய்க் குதம் பற்றி, நாட்கணக்கில் எரிந்தது. அந்தக் கதை எங்கள் ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் எங்கள் குசினிகளில் இருக்கும் காஸ் சிலிண்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பேசுபவர்கள் குறைவு.

காஸ் கசியும்போது வரும் கெட்ட வாடை காஸின் சொந்த வாடை அல்ல. எதில் மேர்கப்டன் போன்ற ஒரு பொருளைக் கலந்துதான் அந்த வாடையை உண்டாக்குகிறார்கள். ஏன்?

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். அங்கே ஒரு பாடசாலைக் கட்டிடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து நிறைந்திருந்தது. வாடை இல்லாததால் எவருக்கும் தெரியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, தொழிற்பயிற்சி வகுப்பில் ஒரு மின்கருவியைப் போட்டபோது எழுந்த பொறியில் கட்டிடமே வெடித்தது. ஏறத்தாழ 295 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாயுவில் வாடை கலக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதை வாசித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

எங்கள் நாட்டிலும் 2021 நவம்பர், டிசம்பரில் வீடு வீடாகக் காஸ் விபத்துகள் நடந்தன. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு கண்டது. புரொப்பேன் கூடினால் உள்ளே அழுத்தமும் கூடும். பழைய குழாயும் றெகுலேட்டரும் அதைத் தாங்காமல் கசியலாம். வாடைப்பொருள் போதுமான அளவு இல்லை என்ற பிரச்சினையும் அதே நாட்களில் எழுந்தது.

இந்த வரலாறு அடுப்படியில் எங்கே உதவும்? சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு பால் காய்ச்சுகிறோம். பால் பொங்கி நெருப்பு அணைந்துவிடுகிறது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது கை துணியைத் தேடும், அல்லது திரும்ப நெருப்பு மூட்டப் போகும். இரண்டும் பிறகு.

முதலில் அடுப்பையும் றெகுலேட்டரையும் மூடுங்கள். வாசற்கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். எங்கள் சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, தரையோடு தங்கும். லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாடை முற்றாகப் போய், அடுப்பும் ஆறிய பிறகு துடையுங்கள். பர்னர் துளைகளை ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்துங்கள். குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு, மூட்ட வேண்டாம்.

தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் நெருப்போடு சிதறும். அடுப்பை அணைத்து மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

அந்த வாடைக்குப் பின்னால் ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, இதைச் சொல்லிக் கொடுப்போம்.