பூட்டைவிடப் பட்டறை பெரிது

பாஞ்சாலங்குறிச்சி வரலாற்றில் உடற்குறை ஒரு தலைவனின் பெயரோடு சேர்ந்தே நிற்கிறது. கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்டபின், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த கோட்டையைச் சில நாள்களிலேயே எழுப்பியவர் ஊமைத்துரை. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் அவரைக் காட்டுகிறார்: வைக்கோல் துணுக்குகளை இடது உள்ளங்கையில் அடுக்கி, அதுதான் வெள்ளைக்காரப் படை என்று காட்டி, மறுகையால் துடைத்துத் தள்ளுவாராம், அதுவே தாக்குதலுக்கு ஆணை. பேச்சு வராத குறையைச் சைகை ஈடுகட்டியது, சுற்றியிருந்தவர்களுக்கு அது புரிந்தது. கால் விஷயம் அப்படியல்ல. தென்பாண்டிக் கடற்கரையைச் சேர்ந்த திருச்செந்தூர் நொண்டி நாடகமும், கீழக்கரை வள்ளலைப் போற்றும் சீதக்காதி நொண்டி நாடகமும் ஒரே தடத்தில் போகின்றன. தாசியிடம் பொருளை இழந்தவன் குதிரை திருடப் போய், அகப்பட்டு, வெட்டுப்பட்டு, கடைசியில் இறையருளால் உறுப்பைத் திரும்பப் பெறுகிறான். போனது தண்டனை, வந்தது அருள்; இரண்டுக்கும் நடுவே கொல்லனுக்கோ தோல் தைப்பவனுக்கோ வேலையே இல்லை.

அந்த நடு இடத்தைப் பிடித்ததுதான் பூட்டு வைத்த காலிபர் என்ற கால் தாங்கி. தொடையின் முன்தசை செயலிழந்தால், உடல் எடை முழங்காலுக்குப் பின்னால் விழுகிற கணத்தில் கால் மடங்கிவிடும். அதனால்தான் போலியோ தாக்கியவர்கள் பலர் அடிக்கு அடி தொடையைக் கையால் அழுத்திக் குனிந்து நடக்கிறார்கள். காலிபர் அந்தக் கையை விடுவிக்கிறது. காலின் இருபுறமும் இரும்புப் பட்டை, முழங்கால் நேரில் கீல், கீலுக்கு மேலே ஒரு வளையம். காலை நீட்டி நின்றதும் வளையம் கீழிறங்கிக் கீலைப் பூட்டும். உட்கார வேண்டுமானால் இரண்டு வளையங்களையும் விரலால் தூக்க வேண்டும். இதற்கு முன்னோடி லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியப் பரம்பரையில் வந்த அவர், கொல்லனையும் தோல் தொழிலாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்துச் செய்தார். 1875-ல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்கள் பற்றி நூலும் எழுதினார். அதாவது இந்தக் கருவி பட்டறையில் பிறந்தது. அதன் பிற்கால வரலாற்றையும் பட்டறையை வைத்தே எழுத வேண்டும் என்பது என் வாதம்.

நம் நாட்டில் மத்திய அரசு 1972-ல் கான்பூரில் செயற்கை உறுப்புகளும் உதவிக் கருவிகளும் செய்யும் ஆலிம்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. 1981-ல் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டமும் வந்தது. பொருள் கிடைக்க வழி பிறந்தது, சிக்கல் தீரவில்லை. பிள்ளை வளர்கிறது, பட்டை நீள வேண்டும். வியர்வையில் தோல் இற்றுப்போகிறது, தூத்துக்குடி உப்புக்காற்றில் கீல் துருப்பிடிக்கிறது. பூட்ஸோடு பொருத்திய காலிபரை வாசலில் கழற்றிவிட்டால், வீட்டுக்குள் மறுபடியும் தவழத்தான் வேண்டும். இதற்கெல்லாம் விடை அருகிலுள்ள கைகளில்தான் இருக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் அதற்குச் சான்று. கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த அவர், பள்ளியையும் மருத்துவப் பயிற்சியையும் காலிபர் செய்யும் பட்டறையையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்தார்.

உள்ளூர்ப் பட்டறையில் தரம் ஏறி இறங்கும், தொழிற்சாலைப் பொருளே உறுதி என்று சொல்பவர்கள் உண்டு. கீலுக்கும் வளையத்துக்கும் அது சரி; ஆனால் தொடைக்குத் தொடை மாறும் அளவைக் கான்பூரிலிருந்து எடுக்க முடியாது. பாகம் அங்கே, பொருத்தம் இங்கே என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்த பிறகு காலிபருக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். போலியோ பரவிய காலத்தில் நோய் கண்ட பிள்ளைகளில் பலர் இன்று நடுவயதினர். பல ஆண்டுகளுக்குப் பின் தசை புதிதாகத் தளர்வதும் அவர்களில் சிலருக்கு நேர்கிறது. தண்டுவடக் காயமும் நரம்பு நோயும் இன்றும் புது ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நடக்கும்போது தானே திறந்து மூடும் கணினிக் கீல் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அது பல லட்சம் ரூபாய், பழுதானால் ஊரில் தொட ஆளில்லை. ஆகவே உதவிக் கருவி வழங்கும் முகாமில் எத்தனை காலிபர் கொடுத்தோம் என்ற கணக்கு போதாது. ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை காலில் இருக்கின்றன, எத்தனை பரணில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முகாமுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.