புளியந்தீவின் கோட்டையும் கல்லூரியும்

இலங்கையின் கீழ்க்கரையிலே, கடலுக்குச் சமாந்தரமாக நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. அவ்வாவி சூழ்ந்த புளியந்தீவிலே இரண்டு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று, படைவீரர்க்கென எழுந்த கோட்டை. மற்றையது, பிள்ளைகட்கென எழுந்த கல்லூரி. இவ்விரண்டின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஒரு நாட்டுக்கு நிலைத்த அரண் எது என்பது தெளிவாகும்.

கோட்டையை 1628 ஆம் ஆண்டிலே கட்டியவர் போர்த்துக்கேயர். கண்டி அரசுக்குக் கடல் வழியே பிறநாட்டுத் துணை வாராதிருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். ஆயினும் அது நிறைவேறவில்லை. பத்தே ஆண்டுகள் கழித்து, 1638 ஆம் ஆண்டு மே மாதத்தில், அடாம் வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்துத் தளபதியின் கப்பல்கள் வந்தன. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் சேனையும் உடன் வந்தது. பீரங்கித் தாக்குதலுக்கு ஆற்றாது, மே 18 ஆம் நாள் கோட்டை பணிந்தது.

ஐந்து நாட்களின் பின்னர் மன்னனும் ஒல்லாந்தரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வாளினும் கொடியது எழுத்து என்பதை அது காட்டிற்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை தங்கலாம் என ஒரு விதி அதில் இருந்தது. மன்னனிடம் இருந்த பிரதியிலே ‘மன்னர் விரும்பின்’ என்னும் கருத்தும் அதனோடு சேர்ந்திருந்தது. ஒல்லாந்தரின் பிரதியிலோ அது காணப்படவில்லை. ஒரு சிறு தொடரால் எழுந்த பிணக்குப் பல்லாண்டுகள் நீடித்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் கூறும் பழமொழி இந்நிகழ்ச்சிக்கு நன்கு பொருந்தும்.

கோட்டையும் நிலையாக ஒருவர் கையில் இருக்கவில்லை. மன்னனிடம் ஒப்புவிக்கப்பட்டு, மீண்டும் ஒல்லாந்தர் வசமாகி, ஈற்றில் 1795 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கையை அடைந்தது. நான்கு கொத்தளங்களும், இருபுறம் வாவியும், இருபுறம் அகழியும் கொண்ட அவ்வரண், தன்னைக் கட்டியவர்களையே காக்க இயலாது போயிற்று. பின்னாளில் அங்கே கச்சேரியும் பிற அலுவலகங்களும் இடம்பெற்றன. போர்வீரர் காவல் நின்ற இடத்திலே, காணிக்கும் வரிக்கும் மனுக் கொண்டு குடிமக்கள் காத்து நின்றனர்.

படைகள் அகன்றபோதும் மனிதர் எஞ்சினர். மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் சமூகம் அக்காலத்து எச்சம். இங்குள்ள மக்களோடு கலந்து வாழ்ந்த அவர்கள், தச்சு முதலிய தொழில்களில் பெயர் பெற்றனர். தமிழோடு நெருங்கிப் பழகிய போர்த்துக்கேயக் கலப்பு மொழியொன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். பீரங்கி மௌனமான பின்னரும் வீட்டுப் பேச்சும் ஆடலும் பாடலும் உயிரோடிருந்தன.

1814 ஆம் ஆண்டிலே வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தார். அவரிடம் படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. தமிழ் கற்று, பாடசாலைகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஆம் ஆண்டிலே, நோயுற்று இறந்தார். அவர் இட்ட வித்தே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. சமயப் பணியை நாடி வந்தவரின் முயற்சி, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது.

அதன் பின்னர் வாவிக்கரையிலே வேறு கல்லூரிகளும் தோன்றின. புனித மிக்கேல் கல்லூரியிலே பயின்ற காரைதீவுச் சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாகி, 1929 ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். கற்றவர் மற்றொருவர்க்குக் கல்விக்கூடம் அமைத்தல், விளக்கிலிருந்து விளக்கேற்றுதல் போன்றது.

1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் இம்மண்ணையும் பெரிதும் வருத்தியது. ஓல்ட் பாதிரியாரின் கல்லூரியோ 2014 ஆம் ஆண்டிலே இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. கோட்டையை வெல்வோர் அதனைத் தமதாக்கிக்கொள்வர். கல்வியைப் பெற்றவரிடமிருந்து அதனைக் கவர்ந்து செல்ல எந்தச் சேனையாலும் இயலாது. புளியந்தீவின் மதில்கள் அந்நியர் ஆட்சிக்குச் சான்றாக நிற்கின்றன. அதன் வகுப்பறைகளோ மக்களின் வாழ்வுக்குத் துணையாக நிற்கின்றன.