தீயணைப்பு வண்டிக்கு யார் காசு கட்டுவது?

விக்ரோறியாவின் நாட்டுப்புறத் தீயணைப்புச் சேவையான சி.எஃப்.ஏ. 1945இல் தொடங்கியது. தீயணைப்போரில் பெரும்பாலானோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஆனால் வண்டிக்கும் குழாய்க்கும் காசு வேண்டுமே!

நெடுங்காலமாக அதன் செலவில் 77.5 வீதத்தைக் காப்புறுதிக் கம்பனிகளும் மிகுதியை மாநில அரசும் கொடுத்தன. கம்பனிகள் அதைக் காப்புறுதி எடுத்தவர்களிடமே அறவிட்டன. அதன்மேல் 2000 முதல் ஜீ.எஸ்.ரி.; இரண்டின்மேலும் முத்திரை வரி. வரிக்கு மேல் வரி விழுந்த பில்களைக் கணக்காளனான நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காப்புறுதி எடுக்காதவர் இதில் ஒரு சதமும் கட்டவில்லை. அவர் வீடு எரிந்தாலும் வண்டி வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் சுமை முழுவதும் மற்றவர் தலையில்.

2009 பெப்ரவரி 7இல் மூண்ட காட்டுத்தீ 173 பேரைப் பலிகொண்டது. அதை விசாரித்த ஆணைக்குழு இம்முறையை மாற்றச் சொன்னது. 2013 யூலை 1 முதல் நகரசபை வரியோடு எல்லாச் சொத்துக்காரரிடமும் அறவிடத் தொடங்கினார்கள். 2025 யூலையில் அது மற்ற அவசரசேவைகளுக்குமான நிதியாக விரிந்தது. சுமை கூடிவிட்டதென்று கமக்காரர்கள் போராடினார்கள்.

ஊர்ப் பொதுக்காரியத்துக்கு வீட்டுக்கு வீடு தெண்டிப் பழகியவர்கள் நாங்கள். எல்லோரும் கொடுக்கவேண்டும், வசதிக்கேற்பக் கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. ஓய்வூதிய அட்டையுள்ள பெற்றோர் தம் சொந்த வீட்டில் வசித்தால் 50 டொலர் சலுகை உண்டு. பில்லை ஒருமுறை பாருங்கள்.