ஆய்வுக்கூடச் சுண்டெலியும் மறைந்துறை நோயும்

ஒரு பொருள் புற்றுநோயை விளைக்குமா என்பதை அறிய விழையும் விஞ்ஞானிகள் சுண்டெலிகளை இரு கூட்டமாகப் பிரிப்பர். ஒன்றுக்கு அப்பொருளை ஊட்டுவர்; மற்றையதை ஒப்புநோக்கும் பொருட்டு ஊட்டாது விடுவர். இரண்டிற்குமிடையே தோன்றும் வேறுபாடே ஆராய்ச்சியின் முடிபாகும். ஆகவே, ஒப்புநோக்குங் கூட்டம் நோயற்றிருத்தல் இன்றியமையாதது. துலாக்கோலே கோணுமாயின் நிறுத்த பொருளின் நிறையை எவ்வாறு நம்புவது?

முற்காலத்தில் எலிக்கூடங்களைத் தாக்கிய பற்றீரியா நோய்கள் பெரும்பாலும் சாவினாலேயே தம்மை வெளிப்படுத்தின. செருமனியின் கிறைப்சுவால்ட் நகரில் பிரீட்றிக் லொப்லரின் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளிடையே கொள்ளைநோயொன்று பரவியது. அவற்றினின்று அவர் பிரித்தெடுத்து 1892 இல் விவரித்த கிருமி இன்று சல்மொனெல்லா தைபிமூரியம் என வழங்கப்படுகின்றது. சாவு கண்டவிடத்துக் காரணத்தைத் தேடுவது இயல்பு. ஆனால், எலி உண்டு உறங்கி இனம் பெருக்குங்கால் அதனகத்துறையுங் கிருமியை யார் ஐயுறுவர்?

அவ்வையம் எழுந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பிறெட்றிக் நகராகும். 1992 இல் அங்குள்ள தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வுக்கூடத்தில், யாதொரு நஞ்சும் ஊட்டப்பெறாத ஒப்புநோக்கு எலிகளிடத்தே ஈரலழற்சியும் ஈரற் கட்டிகளும் காணப்பட்டன. வழக்கமான சாயங்கள் காரணத்தைக் காட்டவில்லை. வெள்ளிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியால் நோக்கியபோதே ஈரற் கலங்களிடையே சுருள் வடிவப் பற்றீரியாக்கள் புலப்பட்டன. ஒட்சிசன் குறைந்த சூழலை வேண்டி நிற்பதால், அக்கிருமி வழக்கமான வளர்ப்பு முறைகளுக்கும் அகப்படாதிருந்தது. 1994 இல் ஜேம்ஸ் பொக்ஸ் முதலிய ஆய்வாளர் அதற்கு ஹெலிக்கோபற்றர் ஹெபற்றிக்கஸ் எனப் பெயரிட்டனர்.

கிருமி இன்னதென்று அறிந்தபின் அதனைத் தேடும் வழிகளும் பெருகின. அது எலியின் குடலிலும் வாழ்ந்து எச்சத்தின் வழியாகப் பரவுவது. ஆதலின், எச்சத்திலுள்ள டீ.என்.ஏ.யைப் பொலிமெரேசுத் தொடர்வினையாற் பெருக்கி, எலியைக் கொல்லாமலே கிருமியைக் கண்டறியலாயினர். நோயற்ற காவலெலிகளைப் பிற கூடுகளின் அழுக்குப் படுக்கையில் வாழவிட்டுப் பின்னர் அவற்றைச் சோதிப்பதும் கிருமிகளைத் தேடும் ஒரு முறையாகும்.

இக்கண்டுபிடிப்பு முடிந்த ஆராய்ச்சிகளையும் மீள நோக்கச் செய்தது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் ஈராண்டு ஆய்வுகளுள் 12 இல் இக்கிருமி இருந்தமையும், அவற்றுள் 9 இல் ஆணெலிகள் பலவற்றுக்கு ஈரலழற்சி ஏற்பட்டிருந்தமையும் 1998 இல் வெளியான கட்டுரையால் தெரியவந்தன. அவ்வாணெலிகளின் ஈரலிற் கண்ட கட்டிகளுக்கு ஊட்டிய பொருள் காரணமா, கிருமி காரணமா எனத் துணிந்து கூறுதல் அரிதாயிற்று.

மனிதனுக்கு எப்பொருள் தீங்கானது என்பதை எலியின் உடலைக் கொண்டே பெரிதும் தீர்மானிக்கின்றோம். ஆதலின், எலிக்கூடத்தின் நலத்தைக் காப்பது பணியாளரின் சிறு கடமையன்று. அது உண்மையைக் காக்கும் முதற் காவலாகும்.