ஹோல்ட்ல போட்ட கோல் எங்க நிக்கும்?

போன கிழமை தரம் 9 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஹோல்ட்ல போட்ட கோல் எங்க நிக்கும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அம்மா சவூதியில் வீட்டு வேலை செய்கிறார். மகளோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது மேடம் போன் எடுத்தால் இந்தக் கோல் ஹோல்ட்டுக்குப் போய்விடும். பிள்ளை போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பாள்.

அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடி வாசித்ததை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ் திறக்கப்பட்டது. அங்கே ஒரு கோல் என்பது ஒரு மனிதரின் கைவேலை. ஒப்பரேட்டர் யார் வேண்டும் என்று கேட்பார், வயரை அந்தத் துளையில் செருகுவார், மறுபக்கம் மணி அடிப்பார். ஹோல்ட் என்றால் வயர் செருகியபடியே இருக்கும், பேச்சு மட்டும் நிற்கும். வேறு ஆளுக்கு மாற்ற வேண்டுமென்றால் வயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகுவார். கோலை ஏற்படுத்துவது, நிறுத்தி வைப்பது, மாற்றிக் கொடுப்பது என்று மூன்று வேலையும் ஒரே கையில் இருந்தன.

கை இருந்தால் சந்தேகமும் இருக்கும். தனக்கு வரும் கோல்களை ஒப்பரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர் கோபப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஒப்பரேட்டர் இல்லாமல் தானாக இணைக்கும் கருவிக்கு 1891இல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை.

நம் தோட்டங்களில் போன் எங்கே இருந்தது? துரை பங்களாவில், தோட்ட ஒபிஸில், ஃபெக்டரியில். லயத்தில் இல்லை. லயத்துக்கு வந்தது தந்தி. அதைப் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும்.

தொண்ணூறுகளில் நம் பெண்கள் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் என் வாப்பாவின் கடையில் ஒரு போன் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வெளிநாட்டுக் கோல் வரும். "பத்து நிமிசத்தில திரும்ப எடுங்க தங்கச்சி" என்று வாப்பா வைத்துவிடுவார். நான் லயத்துக்கு ஓடுவேன். ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், சில நாட்களில் ஒரு கிழவியும் மூச்சிரைக்க வந்து போனைச் சுற்றி நிற்பார்கள். இப்போது யோசித்தால், அந்தக் கடைதான் எக்ஸ்சேஞ், வாப்பாதான் ஒப்பரேட்டர். கோலை நிறுத்தி வைத்ததும் சரியான ஆளிடம் கொடுத்ததும் நாங்கள்தான். எல்லாருடைய குடும்பக் கதையும் எங்கள் காதில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கணவனைப் பற்றிச் சொல்ல வந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே வைத்திருக்கிறார்கள்.

இனி இன்டர்நெட் கோலுக்கு வருவோம். 1999இல் 'சிப்' என்ற விதிமுறை வெளியானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெனிங் ஷுல்ஸ்ரின்னே அதை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒப்பரேட்டரின் கைவேலையை அது சின்னச் சின்னக் கடிதங்களாக மாற்றியது. "கதைக்க வாறியா?" என்று ஒரு போன் அழைப்பு அனுப்பும். மறுபக்கத்திலிருந்து 180 என்று வந்தால் மணி அடிக்கிறது என்று அர்த்தம். 200 என்றால் எடுத்துவிட்டார்கள், 486 என்றால் பிசி. எடுத்த பிறகு குரல் தனி வழியில் போகும், பெரும்பாலும் செக்கனுக்கு 50 சிறு துண்டுகளாக. 'இனி குரல் அனுப்பாதே, நானும் கேட்கவில்லை' என்று இன்னொரு கடிதம் போனால் அதுதான் ஹோல்ட். மாற்றிக் கொடுப்பதற்கு, 'நீ அவரிடம் நேரே கதை' என்று சொல்லி நடுவில் நிற்பவர் விலகிக்கொள்வார். அந்தக் கடிதம் 2003இல் விதியாக வந்தது. வாட்ஸ்அப் போன்றவை தங்கள் சொந்த முறையை வைத்திருக்கின்றன, அடிப்படை எண்ணம் இதுதான்.

அப்படியானால் நடுவில் இனி யாருமே இல்லையா? இருக்கிறார்கள். 2017 செப்டெம்பர் வரை சவூதியில் இன்டர்நெட் கோல்களுக்குத் தடை இருந்தது. நம் நாட்டில் 2018 மார்ச்சில், திகன கலவர நாட்களில், வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் மறுபடியும். "நாங்க உயிரோட இருக்கிறோம்" என்று சொல்லத் துடித்த அந்த நாட்களில் நடுவில் இருந்த கை எவ்வளவு பெரியது என்று எல்லாருக்கும் விளங்கியது.

அந்தப் பிள்ளைக்கு நாளை சொல்லப்போகும் பதில் இது: மகள், ஹோல்ட்ல இருக்கிற கோல் எங்கேயும் போய் நிற்பதில்லை. அந்தக் காலத்தில் வயராவது நடுவில் இருந்தது. இப்போது இரண்டு போன்களும் 'இன்னும் முடியவில்லை' என்று ஞாபகம் வைத்திருக்கின்றன. உன் பக்கத்திலும் இருக்கிறது, உன் அம்மா பக்கத்திலும் இருக்கிறது.

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவர்கள், கடை போனுக்காக லயத்திலிருந்து ஓடி வந்தவர்கள் இதை வாசித்தால் உங்கள் ஞாபகங்களைக் கீழே எழுதுங்கள். துரைமாரின் கதை புத்தகங்களில் இருக்கிறது. நம்முடைய கதையை நாம்தான் எழுத வேண்டும்.