அல்பரீன்யோ

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் சமுத்திரம் நீண்ட கழிமுகங்களாக நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கலீசியாப் பிரதேசத்தில் விளையும் வெண்திராட்சைக்கும், அதிலிருந்து வடிக்கப்படும் வெள்ளை வைனுக்கும் அல்பரீன்யோ என்பது பெயர். மின்யோ நதிக்குத் தெற்கே, போர்த்துகலைச் சேர்ந்த மொன்சாவ், மெல்காசு ஆகிய ஊர்களில் இதே இனம் அல்வரீன்யு என்று வழங்குகிறது.

இதன் பூர்விகத்தைப் பற்றி ஓர் ஐதீகம் நெடுங்காலம் நடமாடி வந்தது. 12ஆம் நூற்றாண்டில் சாந்தியாகோ யாத்திரை மார்க்கமாக வந்த குளூனி மடத்துத் துறவிகள் இக்கொடியைக் கொணர்ந்தனர் என்றும், ஜெர்மானியரின் ரீஸ்லிங் திராட்சைக்கு இது நெருங்கிய உறவு என்றும் சொல்லுவார்கள். மரபணுப் பரிசோதனைகள் இந்த உறவுமுறைக்கு இடம் தரவில்லை. ஐபீரியத் தீபகற்பத்தின் வடமேற்கிலேயே தோன்றிய இனம் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் கொள்கை. ஊரில் முளைத்ததற்கு அயல்நாட்டு வம்சாவளி கற்பிப்பதில் மனிதருக்கு என்றும் ஓர் ஆசை உண்டு போலும்.

கடற்காற்றின் ஈரமும், ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழையும் திராட்சைக்கு உகந்தவை அல்ல, பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். அல்பரீன்யோவின் சிறிய கனிகளுக்குள்ள தடித்த தோல் அதை ஓரளவு தாங்குகிறது. எஞ்சியதைக் குடியானவரின் யுக்தி பார்த்துக்கொண்டது. கருங்கல் தூண்களை நாட்டி, அவற்றின்மேல் கம்பி பரப்பி, ஆள் உயரத்துக்கும் மேலாகப் பந்தலிட்டுக் கொடிகளைப் படர விடுவதால், அடியில் காற்று தடையின்றி ஓடிக் கொத்துகளை உலர்த்துகிறது. செப்டம்பர் மாதத்து அறுவடையில், பறிப்பவர்கள் பெட்டிகளின்மேல் ஏறி நின்று, தலைக்குமேல் கைநீட்டிக் கத்தரிப்பதைக் காணலாம். பாகப்பிரிவினையால் துண்டுபட்டுப்போன நிலமாகையால், முற்காலத்தில் பந்தலடியில் உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட்டுக் குடும்பத்தைக் காத்தனர்.

19ஆம் நூற்றாண்டில் சாம்பல் நோயும் பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சியும் தோட்டங்களைச் சூறையாடியபின், பலர் நோய்க்கு அசையாத கலப்பின முரட்டுக் கொடிகளுக்கு மாறினர். 1928ஆம் ஆண்டில் கம்பாதோஸ் ஊரின் ஃபெஃபின்யானெஸ் மாளிகையார் தங்கள் பெயரிட்ட புட்டிகளில் இவ்வைனை அடைக்கத் தொடங்கினர். 1953இல் அவ்வூரிலேயே, யாருடைய வைன் உயர்ந்தது என்ற பந்தயமாகத் தொடங்கிய ஒன்று ஆகஸ்டு மாதத் திருவிழாவாக வளர்ந்துவிட்டது. 1980இல் அரசாங்கம் திராட்சையின் பெயராலேயே அங்கீகாரம் அளித்தது. ஆனால் 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததும், பிரதேசத்தின் பெயராலன்றி அவ்வுரிமை செல்லாதென்று ஆகிவிடவே, 1988இல் ‘ரியாஸ் பைஷாஸ்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் நொதிக்க வைக்கும் முறையும் அக்காலத்தில் பரவி, இன்று நாம் அறியும் தெளிவையும் வாசனையையும் தந்தது. இதன் கீர்த்தி, ஐதீகம் சொல்லும் வயதைவிட மிக மிக இளையது. அந்தக் கீர்த்தியால் நேர்ந்த ஒரு வேடிக்கையும் உண்டு: ஆஸ்திரேலியர் ஆசையோடு வளர்த்த ‘அல்பரீன்யோ’, 2009இல் சோதித்தபோது, பிரான்சின் சவான்யன் என்று வெளியாயிற்று.

எலுமிச்சை, பீச், சில வேளை வெண்மலர் ஆகியவற்றை நினைவூட்டும் மணமும், நாவைக் கூசச் செய்யும் அளவுக்குப் புளிப்பும், கடைவாயில் ஒரு மெல்லிய உப்புச் சாயலும் இதன் இலட்சணங்கள். ஆகவே கடலுணவே இதற்கு உற்ற துணை. அரோசா கழிமுகத்தில் மிதக்கும் மரத்தெப்பங்களில் கயிறு கட்டி வளர்க்கும் கருஞ்சிப்பிகளை ஆவியில் வேகவைத்தும், பச்சைச் சிப்பியை அப்படியே உறிஞ்சியும் இதனுடன் உண்கிறார்கள். பேய்க்கணவாயைச் செப்புக் கொப்பரையில் வேகவைத்து, துண்டமிட்டு, மரத்தட்டில் பரப்பி, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் மிளகாய்ப்பொடியும் தூவுவது கலீசியர் வழக்கம். அந்த எண்ணெய்ப் பசையை இவ்வைனின் புளிப்பு சுத்தமாக வழித்துவிடுகிறது. பாறையில் அலைமோதும் இடத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கொய்யும் பெர்செபெஸ் என்னும் கொட்டலசு, வேறெந்தக் கூட்டும் வேண்டாமல் இதனோடு பொருந்தும். மசாலை கனத்த இறைச்சிக் குழம்பின் முன் இது தோற்றுப்போகும். உறைய உறையக் குளிர்விப்பவர்கள் மணத்தை இழக்கிறார்கள். பத்து டிகிரியளவு போதும்.

ஓராண்டுக்குள் குடித்துவிட வேண்டிய வைன் என்றே இதனை வெகுகாலம் கருதினர். அடிவண்டலோடு மாதக்கணக்கில் தொட்டியில் இருத்தும் முறையைக் கைக்கொண்டோர், பல ஆண்டு தாங்கும் புட்டிகளை இப்போது வெளியிடுகின்றனர்; அவை சதைப்பற்றுள்ள மீனுக்கும், கலீசியாவின் தெத்தில்யா என்னும் மென்மையான பாற்கட்டிக்கும் ஏற்றவை.