சாதி நாயும் இடுப்பு மூட்டும்

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றி, 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்வரை இத்துறைமுகத்தில் கோலோச்சிய ஆங்கிலேயர், கிரிக்கெட்டைப் போலவே பெருஞ்சாதி நாய்களின் மீதுள்ள மோகத்தையும் நம்மவருக்குப் பழக்கிவிட்டே போனார்கள். அந்த நாய்களின் உடம்போடு கூடவரும் பரம்பரை வியாதி ஒன்றைப் பற்றி மட்டும் அவர்கள் சொல்லவில்லை. வெகுகாலம் அவர்களுக்கே அது தெரியாது.

நம் ஊர் நாயை வெயிலும் பசியுமே தேர்ந்தெடுத்தன. பின்கால் வலுவற்ற குட்டி மீன்சந்தையில் மற்றவற்றோடு மல்லுக்கட்டிப் பிழைத்துச் சந்ததி காண்பது அரிது. சாதி நாயையோ மனிதனின் கண் தேர்ந்தெடுத்தது. கண்ணுக்குத் தெரிவது லட்சணமேயன்றி எலும்பன்று.

தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் இறுகப் பொருந்தாமல் தளர்ந்து, வளர வளரத் தேய்ந்து, முடிவில் வாதமாக முதிரும் இந்நோயை, 1935இல் அமெரிக்க மிருகவைத்தியர் ஷ்னெல் முதன்முதலில் விவரித்தார். கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் எசமானுக்கு முன்னே ஓடவேண்டிய இளநாய், இரு பின்கால்களையும் ஒருசேர வைத்து முயல்போலத் தாவுவதையும், படுத்தால் எழுந்திருக்கத் தயங்குவதையும் கண்டால் சந்தேகப்படலாம். எனினும் வெளிக்கு நொண்டாத நாயும் குறையைச் சந்ததிக்குக் கடத்துமாகையால், எக்ஸ்றே ஒன்றே நம்பத்தக்க சாட்சி.

அச்சாட்சியை முறைப்படுத்தும் திட்டம் பிரிட்டனில் 1965இல் தோன்றியது. மறு ஆண்டு அமெரிக்காவில் இதற்கென ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கியவர், துப்பாக்கி உற்பத்தியில் பெரும்பொருள் ஈட்டிய வேட்டைப்பிரியர் ஜோன் ஓலின் என்பது ஒரு விநோதம். நாயை மயக்கி மல்லாத்தி, பின்கால்களை நேராக நீட்டி, முழங்கால்களைச் சற்றே உள்நோக்கித் திருப்பிப் படம் பிடிப்பார்கள். ஓர் இடுப்புக்கு 53, இரண்டுக்கும் 106 என்பது பிரித்தானிய முறையின் உச்சப் புள்ளி; இந்தப் பரீட்சையில் குறைந்த புள்ளி பெற்றதே கெட்டிக்கார நாய். ஓடும் நாயின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது முன்கால்களேயாயினும், அவற்றின் முழங்கை மூட்டைப் பரிசோதிக்கும் பிரித்தானியத் திட்டம் 1998இல்தான் வந்தது; அதில் பூச்சியம் முதல் மூன்றுவரை தரம் பிரிப்பர்.

பிறப்போடு தீனியும் சேர்ந்தே நோயை முற்றவைக்கிறது. 48 லப்ரடோர்களைக் குட்டிப்பருவம் முதல் ஆயுள்பரியந்தம் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், கால்பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் இடுப்பு வாதமும் பிந்தியே தலைகாட்டியது. கொழுகொழுவென்ற குட்டியைக் கண்டு பூரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, குட்டி வாங்கப் போகும் அன்பர்கள் வம்சாவளிப் பத்திரத்தோடு திருப்தியடையாமல், தாய் தந்தை இரண்டின் எக்ஸ்றேயையும் காட்டும்படி கேட்பார்களாக. காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருப்பார்களாக.